பழைய ஓட்டையை ஒப்படைக்கவும்

"பழைய ஓட்டையைக் கொண்டுவந்து ஒப்படைச்சாத்தான் புது ஓட்டை குடுக்க முடியும்."

"ஓட்டையை எப்படிங்க கொண்டுவர்றது?"

"அது உங்க பாடு. பல்பு கேட்டா பழைய பல்பு வரணும். துடைப்பம் கேட்டா பழைய துடைப்பம் வரணும். போன வாரம் ஒருத்தர் பூட்ஸ் கேட்டார். கால்ல கிடந்ததைக் கழட்டிக் குடுத்துட்டு, புதுசு வர்ற வரைக்கும் ரெண்டு நாள் வெறுங்கால்ல நடந்தார். ஓட்டைக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"நான் ஓட்டை கேக்கலைங்க. ஓட்டை போட அனுமதி கேக்குறேன். கூடவே ரெண்டு குழாய்."

"படிவத்தைப் பாருங்க. பொருள்: ஓட்டை. எண்ணிக்கை: ரெண்டு. இது உங்க கையெழுத்துதானே?"

"பொருள்னு ஒரு கட்டம்தானே இருந்துச்சு. அதுல வேற என்னத்த எழுதுறது?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பக்கம் நின்றவர் நீர்வழிப் பாதுகாப்பு வாரியத்தின் மெக்கானிக். பதினோரு வருடமாக அந்த வலையின் முன் நின்றதில் அவருடைய நெற்றியில் ஒரு சதுரம் பதிந்துவிட்டது என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

"சரி, நமக்குள்ள இருக்கட்டும்," என்றார் ஸ்டோர் கீப்பர். "பழைய ஓட்டை தொலைஞ்சு போச்சுன்னு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. படிவத்தை மேல அனுப்பிடறேன்."

மெக்கானிக் எழுதினார். 'மீட்புப் படகின் பழைய ஓட்டை எனது கவனக்குறைவால் தொலைந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எழுதியதை ஒருமுறை வாசித்தார். சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்புக்காக அவர் பின்னால் நிறைய வருந்தப் போகிறார்.

விஷயம் இவ்வளவுதான். வாரியத்திடம் இருந்தது ஒரே ஒரு மீட்புப் படகு. ஆறு கடலில் சேரும் இடத்தில், தண்ணீர் வெளியே இழுக்கும் நேரங்களில், கவிழ்ந்தவர்களையும் கரை தெரியாமல் போனவர்களையும் அதுதான் போய் அள்ளிக்கொண்டு வரும். அதன் எஞ்சின் பின்பக்கத் தளத்துக்குக் கீழே ஓர் அறையில் இருந்தது. வெளிக்காற்று உள்ளே வரும் குழாயைப் படகு கட்டியவர்கள் தளத்துக்கு அடியிலேயே வெட்டி விட்டுவிட்டார்கள். சூட்டை வெளியே தள்ளும் விசிறி அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். தவறான வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளியைப் போல ஒருமுறை சுற்றிப் பார்க்கும். விசிறி வழியாக வெளியே போய்விடும். எஞ்சின் இருந்த ஆழத்துக்கு அது இறங்கவே இல்லை. எஞ்சின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடந்தது. முழு வேகத்தில் போனால் இருபதாவது நிமிடம் நின்றுவிடும். பிறகு ஒரு மணி நேரம் அதை யாராலும் எழுப்ப முடியாது.

மெக்கானிக் கேட்டது இவ்வளவுதான்: முன்பக்கம், காற்றைப் பார்த்தபடி இரண்டு ஓட்டை. அங்கிருந்து எஞ்சினின் காலடி வரை இறங்கும் இரண்டு குழாய். குளிர்ந்த காற்று கீழே விழுந்தால் சூடு தானாக மேலே ஏறிப் போய்விடும். ஒரு மத்தியான வேலை.

அந்தப் படகை ஓட்டியவர் மெக்கானிக்கின் தங்கையின் கணவர். மாப்பிள்ளை அதற்குள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எஞ்சின் அறையின் மூடியைத் தூக்கி, முழ நீளக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு ஓட்டுவார். தண்ணீர் உள்ளே தெறிக்கும். ஆனால் எஞ்சின் நிற்காது. அந்தக் கட்டையை ஒரு துணியில் சுற்றித் தன் இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

"நீ எதுக்கு மச்சான் எழுதிப் போடுற?" என்றார் மாப்பிள்ளை. "கட்டை இருக்கு. நான் இருக்கேன். ஓடுதுல்ல?"

"ஒருநாள் பெரிய அலை ஒண்ணு மூடிக்குள்ள விழுந்தா?"

"அப்போ நாமளே ரம்பத்தை எடுத்து ஓட்டையைப் போட்டுருவோம்."

"போட்டா வாரியச் சொத்தைச் சேதப்படுத்தினதுன்னு ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் உன் பொண்டாட்டி சம்பளத்துலதான் ரெண்டு குடும்பமும் உக்காந்து சாப்பிடணும்."

மாப்பிள்ளையின் மனைவி, அதாவது மெக்கானிக்கின் தங்கை, அதே வாரியத்தில் வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தாள். பக்கத்தில்தான் இருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா அண்ணன் கேக்குற மூணாவது தோசையையெல்லாம் என்னால சுட முடியாது."

எனவே முறைப்படியே எழுதிப் போட்டார்கள்.

*

கண்காணிப்பாளரின் அறையில் இரண்டு ஏசி ஓடியது. அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு சால்வை. காதுகளில் பஞ்சு.

"இதைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கலாமே சார்?" என்றார் மெக்கானிக்.

"ரிமோட் வாரியத் தலைவர்கிட்ட இருக்கு." கண்காணிப்பாளர் மூக்கை உறிஞ்சினார். "ரிமோட், முத்திரை, சாவி, எல்லாமே தலைவர்கிட்டதான். பொறுப்பு ஒரே கையில இருக்கணும்கிறது அவர் கொள்கை. சரி, எஞ்சின் சூடாகுதுன்னு எழுதியிருக்கீங்க. சூடுங்கிறது என்ன? ஒரு உணர்வு. எனக்கு இப்போ குளிருது. நான் யார்கிட்டயாவது புகார் பண்ணேனா?"

"எஞ்சின் நின்னுருது சார்."

அவர் மேசையிலிருந்த பதிவேட்டைத் திறந்து, பெருமையோடு மெக்கானிக் பக்கம் திருப்பினார். "இருபது வருஷப் பதிவு. சூட்டால நின்னதுன்னு ஒரு வரி காட்டுங்க."

ஒரு வரி கூட இல்லை. 'நின்றதற்கான காரணம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள்தான் அச்சிடப்பட்டிருந்தன: எரிபொருள் இன்மை, வானிலை, ஓட்டுநர் தவறு. மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே ஓட்டுநர் தவறு பதினான்கு தடவை குறிக்கப்பட்டிருந்தது.

"சூடுன்னு ஒரு கட்டமே இல்லையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கட்டமே இல்லாத காரணத்தால ஒரு படகு எப்படி நிக்கும்?"

மெக்கானிக் ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினார். படகுத்துறையின் கடைசியில் தலைவரின் ஆய்வுப் படகு கட்டியிருந்தது. பால் வெள்ளை. இரண்டு பக்கமும் இவ்விரண்டாக நான்கு பெரிய காற்றுவாய்கள், பாடகர்களின் வாயைப் போலத் திறந்திருந்தன.

"அதுல மட்டும் நாலு இருக்கே சார்?"

"அது வேற. அது எப்பவும் கட்டியே கிடக்குற படகு. ஓடுற படகுக்குக் காத்து தானா கிடைக்கும். கட்டிக் கிடக்கிறதுக்கு யார் காத்து குடுப்பா? பாவம் இல்லையா?" கண்காணிப்பாளர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இருந்தாலும் நாங்க கருணை உள்ளவங்க. அளந்து பாக்க ஆள் அனுப்புறேன்."

வந்தவரைப் படகுத்துறையில் தெர்மாமீட்டர் என்றுதான் அழைப்பார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். அவர் படகில் ஏறியதும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஓடும் எஞ்சினின் அருகே ஆய்வு அலுவலர்கள் நிற்கக் கூடாது என்பது விதி. நின்ற எஞ்சினின் மேல் தெர்மாமீட்டரைச் சாய்த்து வைத்து, "குளுகுளுன்னு இருக்கே," என்றார்.

மெக்கானிக் கெஞ்சினார். மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது டீயில் விதி கொஞ்சம் இளகியது. எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, தெர்மாமீட்டரை ஒரு கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். அது அலுவலக அறைகளை அளக்கச் செய்யப்பட்டது. ஐம்பதோடு கோடுகள் முடிந்துவிட்டன. பாதரசம் உச்சிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐம்பது," என்று எழுதினார் தெர்மாமீட்டர். "அனுமதிச்ச அளவு ஐம்பத்தஞ்சு. இன்னும் அஞ்சு பாக்கி வச்சிருக்கீங்க."

"சார், அதுல ஐம்பதுக்கு மேல கோடே கிடையாது!"

"அப்போ ஐம்பதுக்கு மேல எப்படிப் போகும்?" என்று அன்பாகக் கேட்டார். போகும்போது இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "இது என்ன துணி மூட்டை?"

மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர். கட்டையின் பயனை ஆர்வத்தோடு செய்தே காட்டினார்.

மறுநாள் ஆணை வந்தது. எஞ்சின் அறையின் மூடியை அங்கீகாரமற்ற மரப்பொருளால் திறந்து வைத்து இயக்கியது கண்டிக்கத்தக்கது. மூடி பூட்டப்பட்டு அரக்கு முத்திரை இடப்படும். மரப்பொருள் பறிமுதல் செய்யப்படும். காற்று பற்றிய கோரிக்கையை ஆராய ஒன்பது பேர் கொண்ட குளிர்காற்று மேம்பாட்டுக் குழு அமைக்கப்படுகிறது.

ஸ்டோர் கீப்பர் கட்டையை வாங்கி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தார். மெக்கானிக் அதைக் கம்பி வலை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிப் போடாமல் இருந்திருந்தால் அது இப்போது மாப்பிள்ளையின் இருக்கைக்கு அடியில் இருந்திருக்கும்.

"இப்போ எப்படி ஓட்டுவே?" என்று கேட்டார் அன்று மாலை.

"பத்தொன்பது நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்திருவேன். ஆறிப்போனதும் மறுபடி ஓட்டுவேன்," என்றார் மாப்பிள்ளை. "முங்குறவங்ககிட்ட கொஞ்சம் பொறுத்து முங்கச் சொல்லணும்."

தங்கை சிரிக்கவில்லை.

*

குழு தன் முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்தது: வெப்பத்தைப் பற்றி நிதானமாகச் சிந்திக்கக் குழு அறைக்கு இரண்டாவது ஏசி வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் அது ஓடியது. மூன்றாவது கூட்டத்துக்கு மெக்கானிக்கை அழைத்தார்கள்.

"எஞ்சின் டீசல்லதானே ஓடுது?" என்று ஆரம்பித்தார் ஓர் உறுப்பினர். "அதுக்குக் காத்து எதுக்கு?"

"அடுப்பை இறுக்கி மூடி வச்சா எரியுமா சார்?"

"எங்க வீட்ல மின்சார அடுப்பு."

"குளிர்ந்த காத்துதான் வேணும்கிறீங்க," என்றார் இன்னொருவர். "சூடான காத்தும் காத்துதானே? எதுக்கு இந்தப் பாகுபாடு?"

"சூடான காத்துல சத்து கம்மி சார். எஞ்சின் திணறும். போர்வையைத் தலையோட மூடிக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்க, தெரியும்."

உறுப்பினர்களுக்கு அது விளங்கவில்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது.

தலைவர் மேசையின் தலைப்பக்கத்தில் அமர்ந்திருந்தார். மெல்லிய, மென்மையான மனிதர். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது மெல்லக் கிணுகிணுக்கும். அவர் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். மெக்கானிக்கின் விளக்கக் கடிதம்.

"'பழைய ஓட்டை எனது கவனக்குறைவால் தொலைந்துவிட்டது.' இது நீங்க எழுதினதுதானே தம்பி?"

"சார், அது ஸ்டோர்ல கேட்டாங்கன்னு..."

"நான் கோபப்படல. எல்லாரும் தப்பு பண்றவங்கதான். ஆனா ஏற்கெனவே ஒரு ஓட்டையைத் தொலைச்சவர் கையில இன்னும் ரெண்டு ஓட்டையை எந்த மனசோட நாங்க ஒப்படைக்கிறது? நாளைக்கு மக்கள் எங்களைக் கேக்க மாட்டாங்களா?" தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "எனக்கு ஒரு படகுன்னா குழந்தை மாதிரி. குழந்தை உடம்புல யாராவது ஓட்டை போடுவாங்களா?"

குழுவின் கண்கள் கலங்கின. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: படகுக்குப் புதிய காற்றுவாய்கள் இரண்டு பொருத்தப்படும். ஓட்டைகள் போடப்படமாட்டா.

அதன் பொருள் மெக்கானிக்குக் காற்றுவாய்கள் வந்து இறங்கிய அன்றுதான் முழுதாக விளங்கியது. வேலையை வெளி ஆட்கள் செய்தார்கள். சங்கைப் போல வளைந்த, முகம் பார்க்கும்படி மெருகேற்றிய எஃகு. அத்தனை அழகான பொருளை அந்தப் படகுத்துறை பார்த்ததில்லை. மாலை, எல்லாரும் போன பிறகு அவர் ஒன்றின் வாய்க்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது. வளைவில் திரும்பியது. விரல் நுனிகளில் குளிர்ச்சியாக, வழவழப்பாக, முழுதாகப் படகின் தளம் தட்டுப்பட்டது. காற்று அவர் முழங்கை வரை ஆவலாக வந்து, போக வழியில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

*

திறப்பு விழா சனிக்கிழமை நான்கு மணிக்கு. அது தண்ணீர் கடலுக்கு இழுக்கத் தொடங்கும் நேரம் என்று மாப்பிள்ளை எடுத்துச் சொன்னார். தலைவருக்கு வசதியான நேரமும் அதுதான் என்று பதில் வந்தது. விழாவை முன்னிட்டு மற்றப் படகுகள் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை கொடுத்து, துறையை விட்டே அனுப்பிவிட்டார்கள். மேடையிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணை உறுத்துகிறது என்று மீட்புப் படகின் துருப்பிடித்த நங்கூரத்தைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் அதைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மிதவை வரைக்கும் போய்த் திரும்பணுமாம். முழு வேகத்துல," என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். தோளில் இறுக்கியது. "எனக்குப் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு மச்சான்."

"மெதுவாப் போ. யார் கத்தினாலும் கேக்காதே."

"பதினஞ்சாவது 'ஓட்டுநர் தவறு' வாங்கினா வேலை போயிரும்னு கண்காணிப்பாளர் சொல்லியிருக்கார். மெதுவாப் போனாலும் தவறாம், நின்னாலும் தவறாம். எப்படி வசதி?" அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. படகு சீறிக்கொண்டு போனது. மாலை வெயிலில் இரண்டு காற்றுவாய்களும் பொன்போல மின்னின. மேடையில் கைதட்டல். தலைவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றார்.

"அன்பர்களே! குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குக் கொடு என்று ஒரு சாமானியர் எங்களிடம் கேட்டார். நாங்கள் கேட்டோமா? கேட்டோம். ஏழு கூட்டம் போட்டோம். ஒரு கூட்டத்தில் எனக்குச் சளியே பிடித்துவிட்டது. மற்ற ஊர்களில் காற்று வேண்டுமென்றால் படகைக் குத்திக் கிழிக்கிறார்கள். நாம் ஒரு கீறல் கூட விடவில்லை! காற்று உள்ளே போகிறதா என்று சிலர் கேட்கலாம். காற்று கண்ணுக்குத் தெரியாதது. நம்பிக்கையும் அப்படித்தான்."

தெர்மாமீட்டர் முதல் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது நிமிடம். பத்தொன்பது. இருபது. மிதவைக்கு அருகே வெள்ளைக் கோடாகத் தெரிந்த நுரை, யாரோ அழிப்பானால் தேய்த்தது போல மறைந்தது.

தங்கை வயர்லெஸ் அறையின் படிகளில் ஓடி இறங்கினாள். கையில் கருவி. ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

"அண்ணா, இதைப் பிடி. பேசுறார்."

கருவியில் இரைச்சல். அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல், அவசரம் இல்லாதது போலக் காட்டிக்கொள்ளும் குரல். "மச்சான், நின்னுருச்சு. பூட்டை உடைச்சு மூடியைத் திறந்துட்டேன், எழுதிக்கட்டும். உள்ள கை வைக்க முடியல. தண்ணி வெளிய இழுக்குது. நங்கூரம் இல்ல. அலைத்தடுப்புப் பாறைப் பக்கமாப் போய்க்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"பாறையில உக்காந்திருக்கிற பறவையை எண்ண முடியுது."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். துறை முழுக்கக் காலியான கட்டுக் கயிறுகள். கடைசியில் அந்தப் பால் வெள்ளைப் படகு, தன் நான்கு வாய்களாலும் காற்றைக் குடித்தபடி, எந்தக் களைப்பும் இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அது பறந்துபோய்ச் சேரப் பத்து நிமிடம்.

கண்காணிப்பாளர் மேடைப் படிகளில் கையை விரித்து மறித்தார். வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். "இப்போ வேணாம்ப்பா. உரை முடியட்டும். இன்னும் மூணு பக்கம்தான்."

"படகு நின்னுருச்சு சார்."

"அது ஓட்டுநர்..."

அந்தக் கட்டம் முடிவதற்குள் தங்கை அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுமாறினார். மெக்கானிக் படிகளில் ஏறினார்.

"...இன்று நம் எஞ்சின் முதன்முறையாக மனதார மூச்சு விடுகிறது," என்று சொல்லிக்கொண்டிருந்தார் தலைவர். பக்கத்தில் வந்து நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதோ, அந்தச் சாமானியரே வந்துவிட்டார்! நன்றி சொல்ல வந்திருக்கிறார்." ஒலிபெருக்கியை அவர் பக்கம் அன்போடு திருப்பிவிட்டார். திரும்பும்போது இடுப்பில் சாவிக் கொத்து கிணுகிணுத்தது.

கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. மெக்கானிக்கின் கையிலிருந்த கருவியில் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் மற்றக் கையை, கிரீஸ் கறையோடு, தலைவரின் இடுப்புக்கு நேராக நீட்டினார். அவருடைய குரல் ஒலிபெருக்கி வழியாகத் துறையைத் தாண்டி, தண்ணீரின் மேல், பாறைகள் வரை போனது.

"சார், உங்க படகுச் சாவியைக் குடுங்க."